எலியில் ஆறிய புண்ணும் எமது மக்களின் பாதங்களும்

அறுந்த தசைநாணை ஒட்டவைக்கும், ஆறாத புண்ணை ஆற்றும், குடற்புண்ணைக் குணப்படுத்தும் என்றெல்லாம் புகழப்படும் செயற்கைச் சேர்வை ஒன்று கடந்த சில ஆண்டுகளாக உலகின் பல பாகங்களிலும் பேசுபொருளாகியுள்ளது. பிபிசி-157 என்பது அதன் பெயர். இலண்டன் வானொலிக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. 'உடலைக் காக்கும் சேர்வை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இப்பெயராயின. விளையாட்டு வீரர்களிடையேயும் உடற்பயிற்சி நிலையங்களிலும் முதலிற் பரவிய இதன் புகழ், நாட்பட்ட புண்களால் அவதியுறும் நோயாளரின் காதுகளை எட்டுவதற்கு நெடுங்காலம் செல்லாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. புலம்பெயர்ந்த உறவினரின் பயணப்பொதிகளில் மருந்துகள் வந்து சேர்வது எமக்குப் பழகிப்போன விடயம். இணையத்தின் வாயிலாகப் பொருள் தருவிப்பதும் இன்று கடினமானதல்ல. மறுபுறத்தில், புண் ஆறாமையின் கொடுமையை எம்மவர் நன்கு அறிவர். 2018-2019 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட சுகாதாரமும் முதுமையடைதலும் பற்றிய ஆய்வின்படி, இலங்கையின் வயதுவந்தோரில் 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது. மேலும் 30 சதவீதத்தினர் அதன் வாசற்படியில் நிற்கின்றனர். நீரிழிவுள்ள ஒருவரின் பாதத்தில் தோன்றும் சிறு கொப்புளம் விரலையும், விரலின் புண் காலையும் பறித்துச் செல்லக்கூடும். அத்தகைய வீட்டில் 'புண்ணை ஆற்றும் ஊசி' என்ற சொல் விழும்போது எழும் நம்பிக்கையை எவரும் இகழ்ந்துவிட முடியாது. அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதை நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெப்தைட்டு என்பது யாது?

எமது உடலிலுள்ள புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு அலகுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டு உருவானவை. அச்சங்கிலி குறுகியதாக இருப்பின் அதனைப் பெப்தைட்டு என்கின்றனர். நீரிழிவு நோயாளர் நன்கறிந்த இன்சுலின் 51 அமினோ அமிலங்களைக் கொண்டது. பிபிசி-157 அதனிலும் மிகச் சிறியது. 15 அமினோ அமிலங்களே அதில் உள்ளன. மனித இரைப்பைச் சாற்றிலுள்ள ஒரு புரதத்தின் பகுதியை ஒத்ததாக இது அமைக்கப்பட்டது என்று இதனை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

இது ஆய்வுகூடத்தில் இரசாயன முறையில் ஆக்கப்படுகின்றது. திண்மப் பரப்பொன்றின்மீது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிணைத்துச் செல்லும் முறையினை அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் மெரிஃபீல்ட் 1963 இல் வெளியிட்டார். அதற்காக 1984 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இம்முறையில் ஆக்கப்படும் பெப்தைட்டு விலங்கின் உடலிலிருந்து பெறப்படுவதன்று. மருந்தின் மூலப்பொருள் எது என்பதில் கரிசனை கொண்ட எமது முஸ்லிம் சகோதரர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. ஆயினும் மூலம் தூயதாக இருப்பது ஒன்று. மருந்து பயனுள்ளதாகவும் பாதுகாப்பானதாகவும் இருப்பது வேறொன்று. முதலாவது வினாவுக்குக் கிடைத்த விடை இரண்டாவது வினாவுக்கு விடையாகிவிடாது.

ஆய்வுகூடம் கூறுவது

இச்சேர்வை பற்றிய ஆய்வுகள் குரோசியாவின் சாகிரேப் பல்கலைக்கழகத்திலேயே தொடங்கின. பேராசிரியர் பிரெட்ராக் சிகிரிச் தலைமையிலான குழுவினர் 1990களின் முற்பகுதியிலிருந்து இன்றுவரை இதனை ஆராய்ந்து வருகின்றனர். எலிகளின் குதிநாணை அறுத்தும், தசையை நசுக்கியும், என்பை முறித்தும், குடலிற் புண்ணை உண்டாக்கியும் அவர்கள் சோதனைகள் நடத்தினர். பிபிசி-157 வழங்கப்பட்ட எலிகள் ஏனையவற்றைவிட விரைவாகவும் செம்மையாகவும் குணமடைந்தன என்பது அவர்களது முடிவு. தாய்வான் நாட்டு ஆய்வாளர்களும் நாண்களிலிருந்து எடுத்த கலங்களில் இதனைச் சோதித்து, கலங்களின் நகர்வும் வளர்ச்சிக்கான ஏற்பிகளும் கூடுவதாகக் கண்டனர். புதிய குருதிக்கலன்கள் உருவாவதை இது தூண்டுகின்றது என்பதே பிரதான விளக்கமாக முன்வைக்கப்படுகின்றது.

இம்முடிவுகளை ஒதுக்கித் தள்ளவேண்டியதில்லை. அவற்றை அவற்றுக்குரிய எல்லைக்குள் வைத்து நோக்குதலே முறையாகும். வெளியான ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி ஒரே குழுவினரிடமிருந்து வந்தது. ஒருவர் கண்டதை அவரோடு தொடர்பற்ற வேறொருவர் வேறோர் இடத்திற் செய்து காணும்போதே விஞ்ஞானத்தில் ஒரு முடிவு உறுதி பெறுகின்றது. மேலும், எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று உண்டு. எனவே அதன் புண் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்கின்றது. மனிதப் பாதத்தின் புண்ணோ அடியிலிருந்து புது இழையம் வளர்ந்து, ஓரங்களிலிருந்து தோல் படர்ந்து மூடவேண்டியதாகும். ஆய்வுகூடத்தில் ஒரு நாளிற் கத்தியால் உண்டாக்கப்பட்ட காயமும், இருபது ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்த முதியவரின் உணர்விழந்த பாதத்தில் மாதக்கணக்கில் இருக்கும் புண்ணும் ஒன்றல்ல.

மனிதரில் நடந்த சோதனைகள் மிகச் சிலவே. 2015 இல் ஆரோக்கியமான 42 பேரைக் கொண்டு தொடங்கப்பட்ட முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் வெளியிடப்படவில்லை. 2021 இல் வெளியான அறிக்கையொன்று, ஐக்கிய அமெரிக்காவின் ஒரு சிகிச்சை நிலையத்தில் முழங்கால் வலிக்கு இவ்வூசியைப் பெற்ற 16 பேரைப் பற்றியது. அவர்களிற் பெரும்பாலானோர் வலி குறைந்ததாகக் கூறினர். ஆயின், மருந்தற்ற ஊசி பெற்ற ஒப்பீட்டுக் குழு எதுவும் அதில் இருக்கவில்லை. 2024 இல் சிறுநீர்ப்பை அழற்சியுள்ள 12 பெண்களிலும், 2025 இல் பாதுகாப்பை அறியும் பொருட்டு இருவரிலும் செய்யப்பட்ட சிறு ஆய்வுகள் வெளிவந்தன. முதல் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னர் மனிதரிடமிருந்து எமக்குக் கிடைத்துள்ள சான்று இவ்வளவுதான்.

இதனை இன்சுலினோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமாகும். 1921 இல் டொரொண்டோ நகரில் நாய்களிற் சோதிக்கப்பட்ட இன்சுலின், 1922 ஜனவரியில் மரணத்தின் விளிம்பில் இருந்த 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. தூய்மையாக்கப்பட்ட மருந்து கிடைத்ததும் அவனது குருதியிற் சீனி இறங்கியது; அவன் மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தான். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அம்மருந்து உலகெங்கும் சென்றது. விலங்கில் வென்ற மருந்து மனிதரிலும் வெல்வதுண்டு என்பதற்கு இன்சுலின் சான்று. விலங்கில் வென்று, மனிதரிடம் வந்தபோது தோற்ற மருந்துகளோ எண்ணிறந்தவை. எது எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மனிதச் சோதனை ஒன்றே கூறமுடியும்.

முன்னைய மருந்தொன்றின் வரலாறு

புண் ஆற்றும் மருந்து என்ற நம்பிக்கை முன்னரும் எழுந்ததுண்டு. குருதிச் சிறுதட்டுகளிலிருந்து கிடைக்கும் வளர்ச்சிக் காரணியொன்றை உயிரியல் தொழினுட்பத்தால் ஆக்கி, பெகாப்லெர்மின் என்ற பூச்சுமருந்தாக 1997 இல் ஐக்கிய அமெரிக்கா அங்கீகரித்தது. நீரிழிவுப் பாதப் புண்களுக்கு முறையான பெரும் சோதனைகளைக் கடந்து வந்த மருந்து அது. அச்சோதனைகளுள் ஒன்றில், மருந்து பூசப்பட்டோரில் 50 சதவீதத்தினருக்கு 20 வாரங்களிற் புண் முற்றாக ஆறியது. மருந்தற்ற களிம்பு பூசப்பட்டோரில் 35 சதவீதத்தினருக்கு ஆறியது.

இவ்விரண்டாவது எண்ணை வாசகர்கள் ஊன்றி நோக்கவேண்டும். வெறுங்களிம்பு பூசியோரில் மூவரில் ஒருவருக்கு மேல் குணமடைந்தது எவ்வாறு? இரு பிரிவினருக்கும் இறந்த இழையம் ஒழுங்காக வெட்டி அகற்றப்பட்டது. புண்ணின்மீது உடற்பாரம் விழாதவாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. இறந்த இழையத்தை அடிக்கடி அகற்றிய நிலையங்களிற் புண்கள் கூடுதலாக ஆறியதும் பின்னர் தெரியவந்தது. மருந்து செய்ததோடு பராமரிப்புச் செய்ததையும் சேர்த்துப் பார்த்தாற்றான் உண்மை விளங்கும்.

கதை அத்துடன் முடியவில்லை. அம்மருந்தை அதிக அளவிற் பயன்படுத்தியோரிடையே புற்றுநோய் மரணங்கள் கூடுதலாக இருக்கலாம் என்ற ஐயத்தினால் 2008 இல் மருந்துப் பெட்டியில் கடும் எச்சரிக்கை இடப்பட்டது. மேலதிக ஆய்வுகளின் பின்னர் 2018 இல் அவ்வெச்சரிக்கை நீக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்று, கண்காணிக்கப்பட்டு வந்த மருந்தின் பாதுகாப்புப் பற்றித் தெளிவு பெறவே இருபது ஆண்டுகள் சென்றன. புதிய குருதிக்கலன்களைத் தூண்டுவதாகக் கூறப்படும் பிபிசி-157 பற்றியும் இதே வினா எழுகின்றது. கட்டிகள் வளர்வதற்கும் புதிய குருதிக்கலன்கள் தேவை. இப்பெப்தைட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று எவரும் நிறுவவில்லை. உண்டாக்காது என்றும் நிறுவவில்லை. நீண்டகாலம் தொடர்ந்து அவதானிக்கப்பட்ட மனிதர்கள் இல்லாதவிடத்து இரண்டையும் நிறுவ இயலாது.

குப்பியினுள் இருப்பது என்ன?

2023 இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மருந்தகங்கள் தாமாகக் கலந்து தயாரிக்கும் மருந்துகளிற் சேர்க்கும்போது பாதுகாப்புக் குறித்த ஐயங்களை எழுப்பக்கூடிய பொருட்களின் வரிசையில் பிபிசி-157 ஐயும் சேர்த்தது. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி இதற்கு எதிர்வினை காட்டக்கூடும் என்பதும், தயாரிப்பின்போது கலக்கும் மாசுகளும், மனிதர் பற்றிய தகவல்களின் போதாமையும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 2022 முதல் இதனைத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இட்டுள்ளது. உபாதையிலிருந்து விரைவில் மீள விரும்பும் எமது இளம் வீரர்களும் அவர்தம் பயிற்றுநர்களும் இதனை மனதிற்கொள்ள வேண்டும். அறியாமற் செலுத்திக்கொண்டேன் என்ற விளக்கம் தண்டனையிலிருந்து தப்பப் போதுமானதாக அமைவதில்லை.

இணையத்தில் விற்கப்படும் குப்பிகள் பலவற்றில் 'ஆராய்ச்சிக்கு மாத்திரம். மனிதப் பாவனைக்கன்று' என்ற வாசகம் காணப்படுகின்றது. விற்பவர் தம்மைக் காத்துக்கொள்ள இட்ட வேலி அது. வாங்குபவருக்கு அவ்வாறான வேலி எதுவுமில்லை. குப்பியினுள் இருப்பது அதே பெப்தைட்டுத்தானா, எவ்வளவு உள்ளது, நுண்ணங்கி அற்றதா என்பதையெல்லாம் வீட்டில் இருந்து அறிய வழியில்லை. நீரிழிவுள்ளவரின் உடலில் தூய்மையற்ற ஊசி ஏற்றப்பட்டால் ஒரு புண் இரண்டாகலாம்.

அரசின் வழியாக வந்த மருந்தே எம்மைக் கைவிட்ட அனுபவம் இந்நாட்டுக்கு உண்டு. 2023 இல் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து தரமற்றது எனத் தெரியவந்தமையும், அது தொடர்பில் முன்னர் சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியிற் கைது செய்யப்பட்டமையும், விவகாரம் நீதிமன்றம் வரை சென்றமையும் வாசகர்கள் அறிந்ததே. கண்காணிப்புக்கென அமைப்புகள் இருந்தும் இவ்வாறு நேர்ந்ததெனில், எந்தக் கண்காணிப்புமற்ற வழியில் வரும் குப்பியைப் பற்றி என் சொல்வது? பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி, மருந்துக் கொள்கையில் வளர்முக நாடுகளுக்கு வழிகாட்டிய நாடு இது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டது. பதிவு செய்யப்படாத மருந்தை இறக்குமதி செய்வதும் விற்பதும் அச்சட்டத்திற்கு முரணானவை. அச்சட்டம் ஏட்டில் மாத்திரம் இருந்தாற் போதாது.

இம்மண்ணிலிருந்து சென்ற சிகிச்சை

புண்ணுக்கான சிகிச்சை எப்போதும் மேற்குலகிலிருந்தே வரவேண்டும் என்ற எண்ணம் எம்மிற் பலருக்கு உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், எம்மவர் 60 பேருக்கு மேற்பட்டோரை மேலைத்தேய வைத்தியத்திற் பயிற்றினார். பிற்காலத்திற் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். 1867 இல் 'இரணவைத்தியம்' என்ற பெயரில் சத்திரசிகிச்சை நூலொன்று அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்தது. புண்ணைப் பற்றிய நவீன அறிவு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே எமது மொழியில் இக்குடாநாட்டில் கற்பிக்கப்பட்டது.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தவரான பேராசிரியர் மில்ரோய் போல், இலங்கையின் முதலாவது சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஆவார். தொழுநோயாளரின் உள்ளங்காற் புண்களுக்குக் காலைச் சுற்றிச் சாந்துக்கட்டு இட்டு, நோயாளர் நடமாடும் நிலையிலேயே புண்களை ஆற்றும் முறையை அவர் 1930களிற் கையாண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவிலும் இம்முறை பயன்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டின் கொல்லிமலையிற் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய வைத்தியர் போல் பிராண்ட், இப்புண்களின் காரணத்தைத் தெளிவுபடுத்தினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி விழவில்லை. வலியை உணராத பாதம் திரும்பத் திரும்பக் காயப்படுவதனாலேயே அழிகின்றது என்று அவர் நிறுவினார். 1966 இல் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற அவர், அதே சாந்துக்கட்டு முறையை நீரிழிவு நோயாளருக்கும் பயன்படுத்தச் செய்தார்.

நீரிழிவுப் பாதப் புண் சிகிச்சையின் மையக் கருத்து இதுவே. உணர்விழந்த பாதத்தின் புண்ணுக்கு மருந்தைவிட முதன்மையானது, அதன்மீது விழும் பாரத்தை அகற்றுதல். 2001 இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வொன்றில், சாந்துக்கட்டு இடப்பட்டோரில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு 12 வாரங்களிற் புண் ஆறியது. கழற்றி மாட்டக்கூடிய காலணி பெற்றோரில் 65 சதவீதத்தினருக்கே ஆறியது. கழற்றக்கூடியதை நோயாளர் கழற்றிவிடுகின்றனர் என்பதே வேறுபாட்டுக்கான பிரதான காரணம். நீரிழிவுப் பாதம் பற்றிய சர்வதேச செயற்குழுவின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டலும், உள்ளங்காற் புண்களுக்குக் கழற்றவியலாத பாரநீக்கக் கட்டையே முதலில் பரிந்துரைக்கின்றது. கிருமித்தொற்று முற்றிய புண்ணுக்கும், குருதியோட்டம் குன்றிய காலுக்கும் இது பொருந்தாது. எனவே வைத்தியர் பரிசோதித்தே இதனைத் தீர்மானிக்க வேண்டும். தன் காலிற் குருதி செல்கின்றதா என்பதை அறியாமல் எந்த மருந்தைத் தேடுவதும் வீண்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறுதல் நேர்மையாகும். மத்தன் தைலம் போன்ற சித்த வைத்தியத் தைலங்களை எமது மக்கள் தலைமுறைகளாகப் புண்களுக்குப் பயன்படுத்தி வருகின்றனர். வெளிநாட்டுப் பெப்தைட்டுக்கு நாம் எந்த அளவுகோலை வைக்கின்றோமோ, அதே அளவுகோலை உள்நாட்டுத் தைலத்துக்கும் வைக்க வேண்டும். பழமையும் சான்றாகாது, புதுமையும் சான்றாகாது. முறையாகச் சோதித்து அறிவதே இரண்டுக்கும் பொதுவான வழி.

பாதங்களைப் பேணுதல்

சூடும் முள்ளும் நிறைந்த மண் எமது மண். தோட்டத்திலும் கடற்கரையிலும் வெறுங்காலோடு நடப்பது எமது வழக்கம். ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் காலணி கழற்றுவது எமது பண்பாடு. நீரிழிவினால் உணர்விழந்த பாதத்துக்கு இவை ஒவ்வொன்றும் சோதனைகளே. நல்லூர்த் திருவிழாக் காலத்து நண்பகல் வீதியும், வல்லிபுரக் கோயிலின் வெண்மணலும் சுடுவதை நரம்பு அறிவிக்காவிட்டால், கொப்புளம் எழுந்த பின்னரே பக்தருக்குத் தெரியவரும். ஹஜ் கடமைக்குச் செல்வோரிடையேயும் இவ்வாறான பாத எரிகாயங்கள் வைத்தியர்களாற் பதிவு செய்யப்பட்டுள்ளன. நீரிழிவுள்ள அடியார்கள் காலையிலோ மாலையிலோ வழிபடுவதும், இடத்துக்கேற்பப் பருத்திக் காலுறை அணிவதும் பக்திக்கு இழுக்கல்ல.

தொழுகைக்கு முன் வுழூச் செய்யும் வழக்கம் இவ்விடயத்தில் ஒரு நல்வாய்ப்பாகும். ஒவ்வொரு முறை பாதத்தைக் கழுவும்போதும் அதனைக் கண்ணாற் பார்க்கும் சந்தர்ப்பம் கிடைக்கின்றது. கழுவிய பின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்துவிட வேண்டும். ஈரத்தில் பூஞ்சணம் படர்ந்து தோல் வெடிக்கும். அதே பார்வையை ஏனையோரும் இரவிற் படுக்கைக்குச் செல்லுமுன் வழக்கமாக்கலாம். உள்ளங்காலைத் தாமே பார்க்க இயலாதவர்கள் கண்ணாடியையோ பிள்ளைகளின் கண்களையோ துணைகொள்ளலாம். ரமழான் நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளர், மாதம் பிறக்குமுன்னரே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைத்துக்கொள்வது அவசியம்.

வெந்நீர் ஒத்தடம், சவர அலகால் காய்ப்பை வெட்டுதல், புண்ணின்மீது சாம்பலோ பற்பசையோ இடுதல் என்பன தவிர்க்கப்பட வேண்டும். வலியில்லை என்பதாற் புண் சிறியதென்று எண்ணலாகாது. வலியின்மையே அங்கு நோயின் அடையாளம். பாதத்திற் சிறு புண் தோன்றினும் தாமதியாது வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், பாதம் சிவந்து வீங்குதல், விரல் கருமையடைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து குப்பி வரும்வரை காத்திருக்கும் இரண்டு வாரங்களிற் கால் போய்விடக்கூடும். இப்பெப்தைட்டினால் நேரக்கூடிய மிகப் பெரிய தீங்கு அதன் இரசாயனத்தில் அன்றி, அது ஏற்படுத்தும் இந்தத் தாமதத்திலேயே தங்கியிருக்கலாம் என்று நாம் கருதுகின்றோம்.

செய்யவேண்டியவை

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள தாய் தந்தையின் காற்புண்ணுக்கு உதவ விரும்புவோர், அங்கீகாரமற்ற ஊசிமருந்துக்குச் செலவிடும் பணத்தில் பொருத்தமான காலணியையும், குருதிச் சீனியை அளக்கும் கருவியையும் அதற்கான பட்டிகளையும் வாங்கிக் கொடுக்கலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் பாதத்தைப் பரிசோதிக்க அழைத்துச் செல்ல ஒருவரை ஒழுங்கு செய்யலாம். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் மண்டபங்களுக்கும் நுழைவாயில்களுக்கும் அளிக்கும் நிதியில் ஒரு பகுதியைப் பிரதேச வைத்தியசாலைகளின் பாதப் பராமரிப்புக்கு வழங்கினால், அதன் பயன் பல தலைமுறைக்கும் நிற்கும்.

சுகாதார அமைச்சுக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் உள்ள பொறுப்பு இதனிற் பெரிது. சாந்துக்கட்டு இடுவதற்குத் தேவையானவை சாந்தும் துணியும் பயிற்சி பெற்ற கரங்களும் மாத்திரமே. பொருளாதாரத் தடையின் கீழ் மருந்துத் தட்டுப்பாட்டோடு 1990களைக் கடந்த குடாநாடு இது. குறைந்த வளத்திற் கூடிய பயன் பெறுவது எமது வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் புதிதன்று. யாழ். போதனா வைத்தியசாலைக்கு அப்பால், தீவகத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் வாழும் நோயாளர் கட்டு மாற்றுவதற்காக ஒரு நாட்கூலியை இழந்து பேருந்தேறும் நிலை மாறவேண்டும்.

ஆய்வைப் பொறுத்தவரையிலும் எமக்குக் கடமையுண்டு. 1978 இல் தொடங்கிய யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் பல நூறு வைத்தியர்களை உருவாக்கியுள்ளது. புண் ஆற்றும் புதிய மருந்தொன்று உண்மையிற் பயன் தருமா என அறிய விரும்பினால், அறநெறிக் குழுவின் அனுமதியோடு, நோயாளரின் முழு விளக்கத்தோடும் சம்மதத்தோடும், ஒப்பீட்டுக் குழுவோடு நடத்தப்படும் சோதனையே வழியாகும். அத்தகைய சோதனையிற் பங்குபற்றும் நோயாளர் பணம் செலுத்துவதில்லை. தீங்கு நேரின் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார். கிடைத்த அறிவு அனைவருக்கும் பொதுவாகும். தனிப்பட்ட முறையிற் குப்பி வாங்கி ஏற்றிக்கொள்பவர் பணத்தையும் இழந்து, ஆபத்தையும் ஏற்று, எவருக்கும் எந்த அறிவையும் விட்டுச் செல்வதில்லை.

பிபிசி-157 நாளை ஒரு நல்ல மருந்தாக நிரூபிக்கப்படலாம். அவ்வாறாயின் அதனை வரவேற்பதில் நாம் பின்நிற்கப் போவதில்லை. இன்று அது எலிகளிடம் நற்சான்று பெற்று, மனிதரிடம் இன்னும் பரீட்சைக்கு அமராத ஒரு சேர்வை மட்டுமே. அதற்கிடையில் எமது மக்களின் கால்களைக் காக்கும் சிகிச்சையொன்று எம் கைகளிலேயே உண்டு. அது எம்மவர் ஒருவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டிற் கையாண்டது. பாரத்தை அகற்றுவது, புண்ணைத் துப்புரவாக வைத்திருப்பது, சீனியைக் கட்டுப்படுத்துவது, காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் செல்வது ஆகிய நான்கும் ஒவ்வொரு கிராமத்திலும் ஒழுங்காக நடைபெறுமாயின், குடாநாட்டில் வெட்டியகற்றப்படும் கால்களின் எண்ணிக்கை குறையும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அப்பணி இன்றே தொடங்கப்பட வேண்டும்.